கச்சேரி அரங்கின் பழைய குழாய் ஆர்கனை டெல்டா ஆலயத்துக்குக் கொண்டுவரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழைய கச்சேரி அரங்குகளை இடித்துக் கட்டும்போது, அங்கே காலங்காலமாக நின்ற குழாய் ஆர்கன்களுக்கு இடமில்லாமல் போய்விடுகிறது. சில குப்பைக்குப் போகின்றன, சில ஆலயங்களுக்குப் போய்ச் சேர்கின்றன. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கத்துச் சபைகளிலும் பங்குகளிலும் இந்தப் பேச்சு எழும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பிள்ளை ஒருவர், "இங்கே ஒரு பழைய ஆர்கனைச் சும்மாவே கொடுக்கிறார்களாம், எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பார். கமிட்டி உட்கார்ந்து பேசும். அந்தக் கமிட்டிகளுக்காகத்தான் இதை எழுதியிருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் இருந்தால் கப்பலில் ஏற்றி இறக்குவதை யாரும் செய்துவிடலாம். காவிரிப் படுகையின் ஈரம், வெயில், கரையான் இந்த மூன்றுக்கும் நடுவில் அதை ஐம்பது வருஷம் பாடவைக்க ஒரு நல்ல கட்டடமும், பழகிய ஓர் ஆளும் வேண்டும். அவை இரண்டும் தயாராகாமல் வாத்தியத்துக்குச் சரி சொல்லாதீர்கள்.

எங்கள் ஆலயத்திலும் ஆர்கன் இருக்கிறதே, இது அதிலிருந்து எப்படி வேறு?

நம் ஆலயங்களில் பெரும்பாலும் இருப்பது மின்சாரக் கீபோர்டு. பழைய சபைகளில் காலால் மிதிக்கும் ஆர்மோனியம் இருக்கும். ஆர்மோனியத்தில் உள்ளே பித்தளை நாக்குகள் அதிரும். குழாய் ஆர்கனில் ஒவ்வொரு சுரத்துக்கும், ஒவ்வொரு நாதத்துக்கும் தனித்தனிக் குழாய் உண்டு. ஒரே நாதம் தரும் குழாய் வரிசையைத் திறந்து மூடும் பிடிக்கு ஸ்டாப் என்று பெயர். நாற்பது ஸ்டாப் உள்ள அரங்க ஆர்கனில் இரண்டாயிரத்துக்கும் மேல் குழாய்கள் நிற்கும். சுண்டுவிரல் அளவில் தொடங்கி ஐந்து மீட்டர் வரை போகும். மிகப் பெரியவற்றில் பத்து மீட்டரைத் தொடும் குழாயும் உண்டு. துருத்தியில் சேரும் காற்று, குழாய்களின் அடியில் இருக்கும் காற்றுப்பெட்டிக்கு வரும். விரலால் வாசிக்கும் கட்டையை அழுத்தினால் அங்கே ஒரு சின்னக் கதவு திறக்கும், குழாய் ஊதும். அடிப்படை இவ்வளவுதான்.

கச்சேரி அரங்கிலிருந்து ஆலயத்துக்கு என்று எங்காவது நடந்திருக்கிறதா?

நிறைய நடந்திருக்கிறது. 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் ஹென்றி வில்லிஸ் கட்டி வைத்த எழுபது ஸ்டாப் ஆர்கன் ஊரையே பேசவைத்தது. அதை அளவில் குறைத்து 1854-இல் வின்செஸ்டர் பேராலயத்தில் நிறுவினார்கள். குறைத்து என்ற சொல்லைக் கவனியுங்கள், பின்னால் அதற்கு வருகிறேன். நம் காலத்தில், சூரிக் நகரின் டோன்ஹாலே அரங்கில் இருந்த ஆர்கன் ஸ்லோவேனியாவின் கோப்பர் பேராலயத்துக்குப் போனது.

ஆனால் நாம் ஊன்றிப் பார்க்க வேண்டியது கலிபோர்னியா கதை. நியூயார்க் ஃபில்ஹார்மானிக் அரங்கில் 1962-இல் ஏயோலியன்-ஸ்கின்னர் நிறுவனம் ஓர் ஆர்கன் வைத்தது. 1976-இல் அரங்கின் உள்பகுதியை மாற்றிக் கட்டியபோது அதை எடுத்துவிட்டார்கள். கார்டன் குரோவ் என்ற ஊரில் கண்ணாடியாலேயே கட்டப்பட்ட கிறிஸ்டல் கதீட்ரல் அதை வாங்கி, இத்தாலியின் ருஃபாட்டி பட்டறை செய்த குழாய்களோடு சேர்த்து 1982-இல் பெரிதாக எழுப்பியது. பதினாறாயிரத்துக்கும் மேல் குழாய்கள். கண்ணாடிக் கூரைக்குக் கீழே வெயில் ஏறியது, பூச்சியும் புகுந்தது, வாத்தியம் சீர்கெட்டது. பிறகு அந்தக் கட்டடம் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் கைக்கு வந்தது. ஆர்கனைக் கழற்றி, இத்தாலியின் பதுவைக்கே திருப்பி அனுப்பிச் சீர்செய்ய வேண்டியிருந்தது. நம் ஊர்களில் செவ்வாய்க்கிழமைதோறும் நினைக்கப்படும் அந்தோணியாரின் அதே பதுவைதான். கலிபோர்னியாவின் வறண்ட வெயிலிலேயே இந்தக் கதி என்றால், நம் ஊருக்கு எவ்வளவு முன்யோசனை வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெப்பமண்டலத்தில் பழைய ஆர்கன் உயிரோடு இருக்கவே முடியாதா?

முடியும். பிலிப்பைன்ஸில் மணிலாவுக்குப் பக்கத்தில் லாஸ் பின்யாஸ் ஆலயத்தில் மூங்கில் ஆர்கன் ஒன்று இருக்கிறது. தியெகோ செரா என்ற பாதிரியார் 1816-இல் தொடங்கி 1824-இல் முடித்தார். மொத்தம் 1,031 குழாய்கள், அதில் 902 மூங்கில். பூச்சி அரிக்காமலிருக்க மூங்கிலை வெட்டி மாதக்கணக்கில் கடற்கரை மணலில் புதைத்து வைத்தார், தப்பியதை மட்டும் எடுத்துக் குழாய் செய்தார். நிலநடுக்கமும் புயலும் அதைப் பலமுறை பேசாமல் ஆக்கின. 1973 முதல் 1975 வரை ஜெர்மனியின் பான் நகரில் கிளைஸ் பட்டறை அதைச் சீர்செய்தது. அப்போது பட்டறைக்குள்ளேயே பிலிப்பைன்ஸின் சூட்டையும் ஈரப்பதத்தையும் வரவழைத்து ஓர் அறை அமைத்து, அதற்குள் வைத்து வேலை பார்த்தார்கள். வாத்தியம் எங்கே வாழப்போகிறதோ அந்தக் காற்றில்தான் அதைச் சேர்க்க வேண்டும் என்ற அந்த அறிவு நமக்கும் வேண்டும்.

சென்னை எழும்பூரில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கில் ஹடர்ஸ்ஃபீல்டின் பீட்டர் கோனாச்சர் செய்து 1883-இல் நிறுவப்பட்ட குழாய் ஆர்கன் இருக்கிறது. கமிட்டியில் இருப்பவர்கள் ஒரு ஞாயிறு அங்கே போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து முடிவெடுத்தால் நல்லது.

அரங்குக்காகச் செய்தது, நம் ஆலயத்தில் காதைப் பிளக்காதா?

அப்படியே வைத்தால் பிளக்கும். அரங்க ஆர்கன் எண்பது பேர் வாசிக்கும் இசைக்குழுவுக்கு மேலே கேட்க வேண்டும் என்று குரல் கொடுக்கப்பட்டது. காற்றழுத்தமும் கூடுதலாக இருக்கும். அரங்கில் மெத்தை இருக்கைகளும் ஆட்களின் துணிமணிகளும் ஒலியை உறிஞ்சிவிடும், எதிரொலி இரண்டு வினாடிக்குள் அடங்கிவிடும். சுண்ணாம்புச் சுவரும் கல்தரையும் உள்ள உயரமான ஆலயத்தில் ஒலி அதைவிட நீண்ட நேரம் நிற்கும். மங்களூர் ஓட்டுக்கூரை, எல்லாச் சன்னலும் திறந்திருக்கும் சின்ன ஆலயம் என்றால் எதிரொலியே இருக்காது, சத்தம் மட்டும் முகத்தில் அடிக்கும்.

இதற்குத்தான் வில்லிஸ் ஆர்கன் காட்டிய வழி, அளவில் குறைத்து நிறுவுவது. முழு வாத்தியத்தையும் நிறுத்தியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஊமையாக நிற்கும் நாற்பது ஸ்டாப்பைவிடப் பாடுகின்ற பதினைந்து ஸ்டாப் மேல். ஆனால் ஒரு நிபந்தனை. எடுத்து வைக்கும் குழாய்களை விற்கவோ உருக்கவோ கூடாது. எண் போட்டு, பெட்டியில் வைத்து, பட்டியலோடு காக்க வேண்டும். சத்தத்தைக் குறைக்கக் குழாயின் வாயை அறுக்கவும் கூடாது. அறுத்தால் திரும்ப ஒட்ட முடியாது. காற்றழுத்தத்தை மெல்லக் குறைத்துப் பார்ப்பது, குழாயின் கால்துளையைச் சிறிது ஒடுக்குவது இவையெல்லாம் பின்னால் வருகிறவர் திருப்பிவிடக்கூடிய மாற்றங்கள். அந்த எல்லைக்குள் நிற்கச் சொல்லுங்கள்.

கட்டடம் தாங்குமா?

பொறியாளரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், ஊகிக்காதீர்கள். முப்பது, நாற்பது ஸ்டாப் ஆர்கன் பத்து டன்னைத் தாண்டுவது சாதாரணம். நம் பழைய ஆலயங்களின் பாடகர் மாடங்கள் மர உத்தரத்தில் நிற்பவை, குவையர் நிற்கத் தாங்கும், இதைத் தாங்காது. தரையில் வைப்பதாக இருந்தாலும் நம்முடையது வண்டலும் களியும் கலந்த பூமி, மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். ஆர்கனுக்கென்று தனி அடித்தளம் போட்டு, அதைச் சுவரின் அடித்தளத்தோடு ஒட்டாமல் வைக்க வேண்டும். காற்றுப்பெட்டியின் மட்டம் சற்றுச் சாய்ந்தாலே காற்று கசியத் தொடங்கிவிடும்.

தரங்கம்பாடியின் புதிய எருசலேம் ஆலயம் 1718-இல் கட்டியது, தஞ்சை சிவகங்கைத் தோட்டத்து ஸ்வார்ட்ஸ் ஆலயம் 1779. இப்படிப்பட்ட பழமையான கட்டடங்களில் சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் யோசிக்க வேண்டும். மத்திய தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள சின்னத்துக்கு நூறு மீட்டருக்குள் கட்டுமானத் தடையும், அதற்கு வெளியே மேலும் இருநூறு மீட்டருக்குக் கட்டுப்பாடும் இருப்பதால், பக்கத்தில் ஒரு காற்றூதி (துருத்திக்குக் காற்றடிக்கும் மோட்டார்) அறை கட்டுவதுகூட அனுமதிக்குள் வந்துவிடும். என்னைக் கேட்டால், நூறு வருஷத்துக்குள் கட்டிய, உயரமான, உறுதியான ஆலயம் ஒன்றில் இதை வைப்பதுதான் இரண்டு பழமைக்கும் மரியாதை.

டெல்டாவின் தட்பவெப்பம் உள்ளே என்னதான் செய்யும்?

முதலில் மரம். ஐரோப்பாவில் உலர்ந்து பதமான பைனும் ஓக்கும் ஐப்பசி மழையில் நீரைக் குடித்து உப்பும். காற்றுப்பெட்டியில் ஸ்டாப்பைத் திறந்து மூடும் நீளமான பலகைச் சட்டங்கள் இருக்கின்றன, அவை இறுகி நகரமாட்டா. நகராத சட்டத்தைப் பலத்தோடு இழுத்தால் இணைப்பு உடையும். சித்திரை வெயிலில் அதே மரம் சுருங்கி வெடிப்பு விடும், காற்று ஒரு குழாய்க்குப் போகிற வழியில் பக்கத்துக் குழாய்க்கும் போகும். தொடாத சுரம் முனகும். கடலோரத்தில் சூடு கொஞ்சம் குறைவு, ஈரம் அதிகம். தஞ்சாவூர் பக்கம் கோடைப் பகலில் நல்ல வறட்சி. ஆக நாகையில் வைப்பதும் தஞ்சையில் வைப்பதும் ஒன்றல்ல.

அடுத்தது பசை. பழைய ஆர்கன்களில் எல்லாம் விலங்குத் தோலைக் காய்ச்சிய பசை. நல்ல பசைதான், நூறு வருஷம் பிடிக்கும், சூடுபட்டால் பிரித்து மறுபடி ஒட்டலாம். ஆனால் நீண்ட ஈரத்தில் இளகும், பூஞ்சை பிடிக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் வெப்ப நாடுகளுக்கு அனுப்பிய ஆர்மோனியங்களிலும் பியானோக்களிலும் முக்கியமான இணைப்புகளில் பசையை மட்டும் நம்பாமல் பித்தளைத் திருகும் போட்டார்கள். மறுசீரமைப்பில் நாமும் அதைக் கேட்க வேண்டும்.

துருத்தியின் மடிப்புகளிலும் நூற்றுக்கணக்கான சின்னக் கதவுகளிலும் மெல்லிய ஆட்டுத்தோல் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் உலகத்துக்கே போகிற நாட்டில் தோலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் செருப்புத் தோலைக் கொண்டுபோய் ஒட்டிவிடாதீர்கள். எந்தப் பதனிடல், எத்தனை மெல்லியது என்று சீரமைப்பவர் சொல்லி, மாதிரி பார்த்து, ஒப்புக்கொண்ட பிறகுதான் வாங்க வேண்டும்.

குழாய்களில் காரீயமும் வெள்ளீயமும் கலந்திருக்கும். காரீயத்துக்கு எதிரி வினிகர் மாதிரியான அமில ஆவி. ஓக் மரமே அதைக் கசியவிடும். ஜெர்மனியின் லூபெக் நகரில் செயின்ட் யாக்கோபி ஆலயத்தில் உள்ள ஸ்டெல்வாகன் ஆர்கனின் குழாய்கள் இப்படி அரிக்கப்பட்டு, அதை வைத்தே பெரிய ஆராய்ச்சி நடந்தது. ஈரம் கூடினால் அரிப்பும் கூடும். ஆகவே சீரமைப்பு என்ற பெயரில் கடையில் கிடைக்கும் பிளைவுட்டையும் புளிப்பு வாசம் அடிக்கும் சிலிகான் பசையையும் காற்றுப்பெட்டிக்குள் வைக்க யாரையும் விடாதீர்கள்.

நாகை, தரங்கம்பாடி, வேளாங்கண்ணி பக்கம் என்றால் உப்புக்காற்று இரும்புத் திருகையும் கம்பியையும் தின்னும். பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ போடச் சொல்லுங்கள்.

ஏசி போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் ஏசி போடுவதாக இருந்தால், போடாமலிருப்பதே மேல். இதை நான் அழுத்திச் சொல்வேன். வாரம் முழுக்க ஈரத்தில் ஊறிய மரத்தின் மேல் இரண்டு மணி நேரம் உலர்ந்த குளிர்காற்றை அடித்து, மறுபடி ஈரத்தில் விடுவதுதான் மரத்தைக் கொல்லும். ஒரே அளவான ஈரத்தை மரம் பழகிக்கொள்ளும், அடிக்கடி மாறுவதைத் தாங்காது. ஐரோப்பாவிலும் பழைய ஆலயங்களில் ஞாயிறு காலை மட்டும் வேகமாகச் சூடேற்றித்தான் பல ஆர்கன்களை வெடிக்கவிட்டார்கள்.

இரவும் பகலும் 365 நாளும் ஓடும் ஈரக்கட்டுப்பாட்டுக்குப் பணம் இருந்தால் நல்லது. அந்த மின்கட்டணத்தை எந்தச் சபை தாங்கும்? ஆகவே ஆர்கனைச் சுற்றி மட்டும் மரத்தடுப்பு வைத்து, கூரைக்கு வெப்பத்தடுப்புப் போட்டு, மேற்கு வெயில் நேராக விழாத பக்கமாக நிறுத்தி, காற்று மெல்ல நகரும்படி விடுவதுதான் நடக்கிற காரியம். ஈரப்பதமானி ஒன்று வாங்கி இப்போதே ஆலயத்துக்குள் மாட்டுங்கள். ஒரு வருஷம் காலை, மாலை குறித்து வாருங்கள். அந்த நோட்டு, வெளிநாட்டு நிபுணரின் நூறு ஆலோசனைக்குச் சமம்.

கரையான், எலி, வௌவால்?

கரையானுக்கு அடித்தளம் போடும்போதே மண்ணுக்கு மருந்து, மரம் தரையைத் தொடாமல் கருங்கல் பீடம். புதிதாகச் சேர்க்கும் சட்டங்களுக்கு முற்றிய தேக்கு. எலி தோலைத் தேடி வரும், வௌவாலின் எச்சம் உலோகத்தை அரிக்கும். பலர் நினைத்துப் பார்க்காதது குளவி. மண்குளவி கூடு கட்டத் தேடும் துளையின் அளவில் நூற்றுக்கணக்கான குழாய் வாய்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு பருவம் கவனிக்காவிட்டால் பாதிக் குழாய் மண்ணால் அடைபடும். ஆர்கனின் பின்புறமும் மேற்புறமும் மெல்லிய வலை கட்டாயம்.

சுருதி மாறும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இதை நன்றாகப் புரிந்துகொண்டால் பிறகு வரும் பாதிச் சண்டை குறையும். காற்று சூடானால் ஒலி வேகமாகப் போகும், அதனால் அதே குழாய் மேலே பாடும். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய மூன்று சென்ட் ஏறும் என்று கணக்கு, அரைச் சுரம் என்பது நூறு சென்ட். பதினெட்டு டிகிரியில் 440-க்கு (வினாடிக்கு 440 அதிர்வு, இன்றைய பொதுச் சுருதி) சேர்த்த குழாயை முப்பத்திரண்டு டிகிரி ஆலயத்தில் ஊதினால் 450-ஐத் தொடும். இன்னொரு சிக்கல், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில அரங்குகளில் சுருதியே உயரம், 452 பக்கம் இருந்தது. அப்படிப்பட்ட வாத்தியம் நம் சூட்டில் 462-ஐத் தாண்டும். கீபோர்டும் வயலினும் 440-இல் நிற்க, ஆர்கன் ஏறக்குறைய அரைச் சுரம் மேலே நிற்கும். சேர்ந்து வாசிக்கவே முடியாது.

அப்புறம் பருவம். மார்கழி விடியற்காலை இருபத்துமூன்று டிகிரியில் கிறிஸ்துமஸ் ஆராதனை, சித்திரையில் முப்பத்துநான்கு. இரண்டுக்கும் நடுவே அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். குழாய்கள் எல்லாம் சேர்ந்தே ஏறுவதால் ஆர்கன் தனக்குள் சுருதி பிசகாது. ஆனால் நாக்கு வைத்த குழாய்கள், அதாவது டிரம்பெட், ஓபோ போன்ற ஸ்டாப்கள், சூட்டுக்கு அவ்வளவாக ஏறுவதில்லை. மற்றவை ஏற, இவை கீழே தங்கிவிடும். அதனால் பெருவிழாவுக்கு முன் நாக்குக் குழாய்களை மட்டும் சேர்த்தால் போதும், மொத்த ஆர்கனையும் தொடத் தேவையில்லை. ஆராதனை நடக்கும் அதே நேரத்துச் சூட்டில், கதவு, சன்னல், மின்விசிறி எல்லாம் அன்றைக்கு எப்படி இருக்குமோ அப்படி வைத்துச் சேர்க்க வேண்டும்.

என் பரிந்துரை: இருபத்தொன்பது, முப்பது டிகிரியில் 440 வரும்படி சீரமைப்பின்போதே முடிவு செய்யுங்கள். குழாயின் தலையில் இருக்கும் உறைகளைச் சற்று உயர்த்தினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். பழைய உயர்சுருதி வாத்தியம் என்றால் உறை போதாது, குழாய்களை நீட்டுவதா, வரிசையை ஓர் இடம் தள்ளி வைத்து ஒரு புதுக் குழாய் சேர்ப்பதா என்று நிபுணரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

எப்படிக் கழற்றி அனுப்புவார்கள்?

கழற்றும் முன் படம், வரைபடம், ஒவ்வொரு குழாயின் அளவு, காற்றழுத்தம், இப்போது பாடும் ஒலியின் பதிவு. இந்தப் பதிவேடு இல்லாமல் வரும் வாத்தியத்தை வாங்கவே வாங்காதீர்கள், அது வெறும் ஈயமும் விறகும்தான். உலோகக் குழாய்களைத் துணியில் சுற்றித் தட்டுத் தட்டாகப் படுக்க வைக்க வேண்டும். சாய்த்து வைத்தால் தன் எடையிலேயே மடங்கும். நாற்பதடிக் கன்டெய்னருக்குள் பன்னிரண்டு மீட்டர் நீளம் கிடைக்கும், பெரிய குழாய்களும் அடங்கிவிடும்.

பெட்டி மரத்துக்கு வெப்பச் சிகிச்சை முத்திரை இருக்க வேண்டும். இங்கே வந்து மெத்தில் புரோமைடு புகை போடும் நிலைக்கு விடாதீர்கள், அந்த வாயு தோலோடும் கம்பளியோடும் ரப்பரோடும் வினை புரிந்து போகாத துர்நாற்றத்தை விட்டுவிடும். துருத்தியே தோலும் கம்பளியும்தானே. பழைய காற்றூதிப் பெட்டிகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அங்கேயே சோதித்து அகற்றச் சொல்லுங்கள்.

பழைய கட்டைகளின் மேல் யானைத் தந்தம் ஒட்டியிருக்கும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கடுமையானது, வெளிநாட்டிலும் அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் இருக்கிறது. தந்தத்தை அங்கேயே விட்டுவிட்டு மாட்டெலும்புத் தகடு ஒட்டி அனுப்பச் சொல்வதுதான் நிம்மதி.

வந்து இறங்குவது தை, மாசியாக இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழையின்போது பெட்டியைப் பிரிக்க வேண்டாம். ஆலயத்துக்குள் கொண்டுவந்த பின்னும் சில வாரம் மூடியபடியே வைத்து, மரம் ஊர்க்காற்றைப் பழகட்டும்.

இலவசம் என்கிறார்களே, பிறகென்ன அரசு அனுமதி?

வெளிநாட்டுச் சபையோ அரங்கமோ தரும் பொருளும் அந்நியப் பங்களிப்புச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) கணக்கில் நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ இல்லாத சபை அதை வாங்கக் கூடாது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வாங்கித் தருவது வேறு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் தருவது வேறு. இதைத் தணிக்கையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுங்கம், துறைமுகக் கட்டணம், கன்டெய்னர் தாமதக் கட்டணம் எல்லாம் தனி. வாத்தியம் இலவசமாக இருக்கும், அதைப் பாடவைப்பது இலவசமாக இராது.

மின்சாரம் போனால்?

காற்றூதி மோட்டாருக்கு மும்முனை இணைப்பு தேவைப்படலாம், மின்வாரியத்தில் முன்னதாகவே விண்ணப்பியுங்கள். பழைய வாத்தியமாக இருந்து கையால் துருத்தி அடிக்கும் பிடி இருந்தால் அதைக் கழற்ற விடாதீர்கள். கட்டையிலிருந்து கதவுவரை மரக்குச்சியும் கம்பியும் இழுத்து இயங்கும் அமைப்பு நமக்கு ஏற்றது. தச்சரால் புரிந்துகொள்ள முடியும், கண்ணால் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கலாம். ஆயிரக்கணக்கான மின்காந்தமும் பட்டாணி அளவுத் தோல் துருத்திகளும் உள்ள வகையை இங்கே கொண்டுவர நான் ஒப்பமாட்டேன், அது எவ்வளவு புகழ்பெற்ற பெயராக இருந்தாலும்.

யார் பார்த்துக்கொள்வார்கள்?

எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி இது. குழாய் ஆர்கன் தெரிந்தவர்கள் இந்தியாவில் மிகக் குறைவு. வெளிநாட்டு நிபுணர் வந்து நிறுத்திக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், அடுத்த மழையில் ஒரு சட்டம் இறுகும், யாருக்கும் திறக்கத் தெரியாது, ஆர்கன் மேல் துணி போர்த்திவிடுவார்கள். துணி போர்த்திய வாத்தியத்தின் கதை பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும்.

ஆனால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு செல்வம் நம்மிடம் இருக்கிறது. தஞ்சாவூரில் பலாமரத்தில் வீணை குடைகிறவர்கள், நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடைகிறவர்கள், திருவாவடுதுறை பக்கத்தில் நாகஸ்வரத்தின் நாக்கான சீவாளியைக் கட்டுகிறவர்கள், சுவாமிமலையில் உலோகம் வார்க்கிறவர்கள். தஞ்சாவூர் வீணைக்கு 2013-இலும் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு நாக்கின் வளைவை மயிரிழை மாற்றினால் நாதம் எப்படித் திரும்பும் என்பது சீவாளி கட்டுகிறவரின் விரலுக்குத் தெரியும், ஆர்கனின் நாக்குக் குழாய்க்கு வேண்டியதும் அதே விரல்தான். வாத்தியம் கழற்றப்படும் இடத்துக்கே இவர்களில் ஓர் இளைஞரை அனுப்பி, கழற்றுவதிலிருந்து கடைசிச் சுருதி வரை கூட நிற்க வையுங்கள். ஒரு குழாயை மெருகூட்டும் செலவைக் குறைத்தாவது இதைச் செய்யுங்கள். அவருக்கு மாதச் சம்பளம் போட்டு வையுங்கள். ஊருக்கு ஊர் அழைப்பு வரும் அளவுக்கு அவர் வளர்ந்தால் சபைக்குப் பெருமைதானே.

நம் பாட்டுக்கு இது ஒத்துவருமா?

ஞானப்பாட்டுகளுக்கு அற்புதமாக வரும். ஜெர்மானிய மெட்டுகளில் தமிழ் பாடும் வழக்கம் தரங்கம்பாடியில் 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கிய காலத்தை ஒட்டித் தொடங்கியது. அந்த மெட்டுகள் ஆர்கனோடு வளர்ந்தவை. கீர்த்தனைகள் வேறு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் பாடல்களில் உள்ள கமகத்தை நிலையான குழாயால் தர முடியாது. அங்கே ஆர்கன் தாழ்ந்த ஆதார சுருதி பிடித்து நிற்கட்டும், பாட்டை மிருதங்கமும் வயலினும் குரலும் நடத்தட்டும். பதினாறடிக் குழாய் பிடிக்கும் ஷட்ஜத்தின் மேல் ஒரு கீர்த்தனையைக் கேட்டவர்கள் தம்பூராவை மறந்துவிட மாட்டார்கள், ஆனால் இதையும் மறக்க மாட்டார்கள்.

இதற்கு நம் மண்ணில் முன்னோடிகளும் உண்டு. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு நோட்டுஸ்வர சாகித்தியங்கள் செய்தார். இரண்டாம் சரபோஜியின் அரண்மனையில் மேல்நாட்டு வாத்தியக்குழு வாசித்தது, அந்த இசைச்சுவடிகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. சுருதிக் கணக்கை ஆராய்ந்த ஆபிரகாம் பண்டிதர் வாழ்ந்ததும் தஞ்சாவூரில்தான். இப்படிப்பட்ட ஊர்களுக்குக் குழாய் ஆர்கன் அந்நியமாகத் தோன்றாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

புயல், வெள்ளம்?

2004 டிசம்பர் 26 சுனாமியையும் 2018 நவம்பர் 16 கஜா புயலையும் பார்த்த மாவட்டங்கள் இவை. காற்றூதியைத் தரைமட்டத்தில் வைக்காதீர்கள். ஓடு பறந்தாலும் உள்ளே நீர் விழாதபடி ஆர்கனுக்கென்று தனி மேல்மூடி வேண்டும். காப்பீட்டில் வாத்தியத்தைத் தனி இனமாக எழுதுங்கள்.

டிஜிட்டல் ஆர்கன் வாங்கினால் போதாதா?

பல சபைகளுக்குப் போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதன் சர்க்யூட் கெட்டால் உதிரி கிடைக்காமல் வாத்தியமே வீணாகிவிடும். குழாய் ஆர்கனை ஒவ்வொரு தலைமுறையும் பிரித்துச் சேர்க்கலாம். காற்று நேரடியாகத் தூணிலும் சுவரிலும் பட்டு வரும் நாதம் ஒலிபெருக்கியில் வராது. அந்த நாதத்துக்காக இவ்வளவு சுமையையும் சுமக்கத் தயாரா என்பதைச் சபைதான் சொல்ல வேண்டும்.

எவ்வளவு காலம் ஆகும்?

பேச்சு தொடங்கி முதல் பாட்டு வரை சில வருஷங்கள். சீரமைப்பைவிட அனுமதியும் கட்டடமும்தான் அதிக நாள் இழுக்கும்.

வேண்டாம் என்று முடிவெடுத்தால்?

உடனே எழுதித் தெரிவித்துவிடுங்கள். அரங்கை இடிக்கும் தேதி குறித்திருப்பார்கள், நாம் யோசித்துக்கொண்டே இருந்தால் வேறு யாரும் வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். பாஸ்டன் இசை அரங்கில் 1863-இல் ஜெர்மனியின் வால்க்கர் பட்டறை நிறுவிய ஆர்கனை 1884-இல் கழற்றிக் கிடப்பில் போட்டார்கள். பிறகு ஒருவர் வாங்கி, மெத்தூன் என்ற ஊரில் அதற்கென்றே அரங்கு கட்டி 1909-இல் நிறுத்தினார், இன்றும் பாடுகிறது. கால் நூற்றாண்டு கிடந்தும் அது தப்பியதற்குக் காரணம், பாகங்கள் சிதறாமல் ஒன்றாக இருந்தது. ஆகவே மறுக்கும் கடிதத்தில் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: எங்களால் முடியவில்லை, ஆனால் குழாய்களைப் பிரித்து விற்றுவிடாதீர்கள்.